அமெரிக்க அரசியலில் மதமும் மறைமுகச் செல்வாக்கும்: எது மறைவு, எது வெளிப்படை?

செம்பனைச்சாலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் கூடி நடத்தும் வாசகர் வட்டத்தின் அடுத்த சந்திப்பில், அமெரிக்க அரசியலில் மதச் சார்புள்ள பழமைவாத இயக்கங்கள் பெற்றிருக்கும் செல்வாக்கைப் பற்றிப் பேசுவதென்று முடிவாகியிருக்கிறது. கட்டுரை வாசிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தலைப்பை அறிவித்த உடனேயே ஒட்டுக்கடையில் இரண்டு அணிகள் பிரிந்துவிட்டன. வாஷிங்டனை ஆள்வது அதிபரும் அல்லர், நாடாளுமன்றமும் அல்ல, திரைக்குப் பின்னால் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும் ஓர் இரகசியக் குழுதான் என்று ஓர் அணி சாதிக்கிறது. மற்ற அணியோ, அதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை, மக்கள் வாக்களித்தார்கள், அதற்கேற்ற ஆட்சி வந்தது என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறது.

எனக்கு இரண்டுமே போதவில்லை. கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24ஆம் நாள் நீக்கியது. அந்தத் தீர்ப்பு நீடிக்க வேண்டும் என்றே அந்நாட்டுக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோர் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தனர். பெரும்பான்மையோர் விரும்பாத ஒன்று சட்டப்படியே நடந்தேறியிருக்கிறது என்றால், அதை வெறும் தேர்தல் கணக்கைக் கொண்டும் விளக்க முடியவில்லை, இரகசியக் குழுவின் மந்திரத்தைக் கொண்டும் விளக்க முடியவில்லை. இந்த இயக்கங்களில் எந்தப் பகுதி உண்மையிலேயே மறைவாக இயங்குகிறது, எந்தப் பகுதி எல்லாருடைய கண்ணெதிரிலும் நடந்தும் கவனிக்கப்படாமல் போயிற்று, பணம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். எங்கள் வட்டத்தில் கிறிஸ்தவ அன்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் இதைப் பேச முடியுமா என்பதும் என் கவலை.

பழைய கிராணி (பதில்)

தம்பி, நல்ல தலைப்பு. நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிச் சட்டம் படித்தவர்கள் எழுதட்டும். நான் அதற்கு முந்திய கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது தொழிலாளர் கதையாகத் தொடங்குகிறது.

1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தம் முதலாளிகளைக் கலங்கடித்தது. மறு ஆண்டு, சியாட்டல் நகரில், நார்வேயில் பிறந்தவரும் மெதடிஸ்ட் போதகருமான ஏபிரகாம் வெரைடி, அந்நகரத்து வணிகப் பெரும்புள்ளிகளைக் காலை உணவுக்கு அழைத்து வேதம் வாசிக்கவும் பிரார்த்தனை செய்யவும் வைத்தார். ஏழைகளுக்கு ஊழியம் செய்ய வேறு பலர் இருக்கிறார்கள், மேலிடத்து மனிதர்களைக் கடவுளிடம் கொண்டுவந்து சேர்த்தால் அவர்கள் வழியாகச் சமுதாயம் சீர்படும் என்பது அவருடைய கொள்கை. தொழிற்சங்கங்களின் எழுச்சியை அவர் ஆபத்தாகவே கண்டார். பின்னாளில் ஃபெலோஷிப் என்றும் ஃபேமிலி என்றும் பெயர்பெற்ற அமைப்புக்கு வேர் அந்தக் காலை உணவுதான்.

ஐசனோவர் அதிபரான சில நாட்களில், 1953 பிப்ரவரியில், சுவிசேஷகர் பில்லி கிரகாமின் ஊக்கத்தாலும் ஓட்டல் அதிபர் கான்ராட் ஹில்டனின் ஆதரவாலும், அது அதிபரே கலந்துகொள்ளும் பிரார்த்தனைக் காலை விருந்தாக வளர்ந்தது. அன்றிலிருந்து இரு கட்சி அதிபர்களும் தவறாமல் அதில் தலைகாட்டி வந்திருக்கிறார்கள். பிற நாட்டுத் தலைவர்களும் அமைச்சர்களும் வணிகர்களும் அங்கே வந்து கூடுவார்கள். அழைப்பை நாடாளுமன்ற உறுப்பினர்கள் விடுப்பதுபோல வெளியே தெரியும். ஆனால் பல பத்தாண்டுகளாக ஏற்பாட்டைச் செய்ததும், யாரை அழைப்பது என்ற பட்டியலைக் கையில் வைத்திருந்ததும் அந்தத் தனியார் அமைப்பே. 1969இல் வெரைடி மறைந்தபின் பொறுப்பேற்ற டக் கோ, 2017இல் இறக்கும்வரை மேடையேறுவதை விரும்பாதவர். ஓர் அமைப்பு எவ்வளவுக்குக் கண்ணில் படாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் செல்வாக்கு வளரும் என்று அவரே போதித்திருக்கிறார். 1985ஆம் ஆண்டு விருந்தில் பேசிய அதிபர் ரீகன், இந்தக் குழுவைப் பற்றி மேலும் சொல்ல ஆசைதான், ஆனால் அது தனிமையில் நடப்பதனால்தான் பலன் தருகிறது என்ற கருத்தைச் சபையிலேயே சொன்னார். மறைவாக இருப்பதை மேடையில் அறிவித்துவிட்டு மறைவாகவே இருக்க முடிந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

விளைவுகளும் உண்டு. மரியா பூத்தினா என்ற ரஷ்யப் பெண் 2017ஆம் ஆண்டு விருந்துக்கு வந்தார். இரு நாட்டுச் செல்வாக்குள்ளவர்களிடையே பின்வாசல் தொடர்பு ஏற்படுத்த அந்த இடத்தைப் பயன்படுத்த முயன்றார். பதிவு செய்யாமல் அந்நிய அரசின் முகவராகச் செயல்படச் சதி செய்ததாக 2018இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2023இல் அந்த விருந்தின் பொறுப்பு புதிதாக அமைக்கப்பட்ட வேறோர் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது.

இதைப் படிக்கும்போது நம் தோட்டங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோயிலுக்கு இடம் ஒதுக்கியவர் துரை. திருவிழாவுக்கு விடுமுறை கொடுத்தவரும் அவரே. கோயில் செலவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்த தோட்டங்கள் உண்டு. கோயில் நிர்வாகத்தில் பெரிய கிராணியும் தலைமைக் கங்காணியும் அமர்ந்திருப்பார்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவான காலத்தில் சங்கத்துக்காரர் லயத்துப் பக்கம் வருவதற்கு நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. திருவிழாவில் துரைக்கு மாலை போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. துரை யாருக்கும் சாமி கும்பிடக் கற்றுக்கொடுக்கவில்லை. மக்களின் பக்தி உண்மையானது, அம்மன் அவர்களுடைய அம்மன். ஆனாலும் மாலை போட்ட கையோடு மறுநாள் கூலி உயர்வு கேட்க யாருக்கு வாய் வரும்? அங்கே கட்டளை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை, தேவைப்படவும் இல்லை. வாஷிங்டனிலும் காலை உணவு மேசையில் சட்டம் எதுவும் எழுதப்படுவதில்லை. சட்டம் எழுதுகிறவரிடம் யார் முதல் பெயர் சொல்லிப் பேசலாம் என்பது அங்கே முடிவாகிறது. உங்கள் ஒட்டுக்கடையின் முதல் அணியினர் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

நீதிமன்ற வாசல் (பதில்)

ஐயா சொன்ன விருந்து கதையின் சுவையான பகுதி. ஆனால் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பை விளக்க அது உதவாது என்பது என் கருத்து. அதற்கு வரிச் சட்டத்தையும் அறக்கட்டளைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் இடம்தான், ஆனால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தேவாலயங்களும் அறநிறுவனங்களும் தேர்தலில் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்பது 1954இல் அப்போதைய செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம். 1980 ஆகஸ்டில் டாலஸ் நகரில் ஆயிரக்கணக்கான போதகர்கள் கூடிய கூட்டத்தில், நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற பொருளில் ரீகன் பேசினார். சட்டத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை, சொல்ல வேண்டியது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தத் திருத்தமும் இப்போது தளர்ந்துவருகிறது. தேவாலயம் தன் சபையாருக்கு வழிபாட்டின்போது வேட்பாளரைப் பற்றிச் சொல்வது அதில் அடங்காது என்று 2025 ஜூலையில் வரித்துறையே ஒரு வழக்கில் எழுதிக் கொடுத்தது.

மதப் பழமைவாத இயக்கம் கருக்கலைப்பை எதிர்த்தே பிறந்தது என்று பரவலாக நம்பப்படுகிறது. வரலாற்றாசிரியர் ரேண்டல் பால்மர் அதை மறுத்து, இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை அரசாங்கம் பறித்ததே முதற்காரணம் என்கிறார். தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் வரிவிலக்கை இழந்தது. 1983இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அந்த முடிவை உறுதிசெய்தது. பழமைவாதக் கொள்கை அமைப்பான ஹெரிட்டேஜ் அறக்கட்டளையை 1973இல் உருவாக்கியவர்களுள் ஒருவரான பால் வேரிக், போதகர்களை அரசியலுக்கு இழுத்தது இந்த வரிப் பிரச்சினைதான் என்று பிற்காலத்தில் தாமே சொல்லிவந்தார். பால்மரின் வாதத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர். கத்தோலிக்கர்கள் 1973க்கு முன்பே கருக்கலைப்பை எதிர்த்து இயங்கினார்கள் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவது நியாயமானதே.

இனி நீதிபதிகளுக்கு வருவோம். பழமைவாதச் சட்டத்துறையினரின் அமைப்பான ஃபெடரலிஸ்ட் சொசைட்டி 1982இல் சட்ட மாணவர்களால் தொடங்கப்பட்டது. அதன் துணைத் தலைவராக நெடுங்காலம் இருந்த லியனார்ட் லியோ பக்தியுள்ள கத்தோலிக்கர். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். அவர் இடத்துக்கு அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, நியமனத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய செனட் சபை விசாரணைக்கே அழைக்காமல் காலம் கடத்தியது. அந்த ஆண்டு வேட்பாளர் டிரம்ப், தாம் வென்றால் யார் யாரை நீதிபதியாக்கலாம் என்ற பெயர்ப்பட்டியலை வெளியிட்டார். அதை உருவாக்குவதிலும் பின்னர் விரிவாக்குவதிலும் லியோவுக்கு முக்கியப் பங்கு இருந்தது. 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் அப்படி வந்த கோர்சச், கவனா, பாரெட் மூவரும் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்தனர். பட்டியல் பத்திரிகைகளில் வந்தது, செனட் வாக்கெடுப்பு தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இவற்றில் இரகசியம் எதுவும் இல்லை.

இரகசியம் பணத்தில் இருந்தது. கார்லண்டுக்கு எதிராகவும் கோர்சச்சுக்கு ஆதரவாகவும் மில்லியன் கணக்கில் விளம்பரம் செய்த அமைப்புகள், கொடுத்தவர் பெயரை வெளியிடத் தேவையில்லாத வகையைச் சேர்ந்தவை. அதன் உச்சம் 2021இல் நடந்தது. சிகாகோவின் மின்சாதனத் தொழிலதிபர் பேரி சைட், ட்ரிப் லைட் என்ற தம் நிறுவனத்தின் பங்குகள் முழுவதையும் லியோ பொறுப்பில் இருந்த மார்பிள் ஃப்ரீடம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அது அவற்றை விற்றுச் சுமார் 160 கோடி டாலர் பெற்றது. முதலில் பங்கைக் கொடுத்துப் பிறகு விற்றதால் விற்பனை இலாபத்துக்கான வரியும் இல்லை. பத்திரிகைகள் 2022 ஆகஸ்டில் கண்டுபிடிக்கும்வரை வெளியாருக்குத் தெரியாது. நம் கோயில்களில் ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயக்காரர் பெயரை எழுதி வைப்போம். அங்கே இத்தனை கோடி கொடுத்தவர் பெயர் ஓர் ஆண்டுக்கு மேல் வெளிவரவில்லை. உபயக்காரர் பெயர் எழுதும் வழக்கத்தைப் பற்றி என் எண்ணம் அதற்குப் பிறகு சற்று மாறியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய தேர்தல் குற்றச் சட்டமும் அதே 1954ஆம் ஆண்டுதான் வந்தது. வாக்காளருக்கு ஆன்மிகத் தீங்கு நேரும் என்று மிரட்டி வாக்குக் கேட்பதை அதன் 9ஆம் பிரிவு முறைகேடான செல்வாக்காகக் கருதுகிறது. வேட்பாளர் செலவுக்கு நாடாளுமன்றத் தொகுதியில் 200,000 வெள்ளி, சட்டமன்றத் தொகுதியில் 100,000 வெள்ளி என்று வரம்பும் உண்டு. கட்சி எவ்வளவு வாங்குகிறது, யாரிடம் வாங்குகிறது என்பதைப் பொதுமக்களுக்கு வெளியிடச் செய்யும் தனிச் சட்டமோ, பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் நிறைவேறவில்லை. வாஷிங்டனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு அவ்வளவாக இல்லை.

ஞாயிறு மணியோசை (பதில்)

செம்பனைச்சாலை அண்ணனின் கடைசிக் கவலைக்கு நான் பதில் சொல்லலாம், ஏனென்றால் நான் தமிழ் மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவள். மனம் நோகாது, தாராளமாகப் பேசுங்கள். ஆனால் மேலே உள்ள இரண்டு பதில்களையும் படித்தால், அமெரிக்கக் கிறிஸ்தவர் யாவரும் பணக்காரர்கள் ஆட்டுவித்த பொம்மைகள் என்ற எண்ணம் உண்டாகிறது. அதை நான் மறுக்கிறேன்.

ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் தொடங்கிய மோரல் மெஜாரிட்டி அமைப்பில் மறைவு என்ன இருந்தது? அவர் தொலைக்காட்சியில் பேசினார், ஊர் ஊராகக் கூட்டம் போட்டார், வாக்காளர்களைப் பதிவு செய்யச் சொன்னார். அவர்கள் தோற்கடிக்க முனைந்த அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டரே ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்ட் விசுவாசிதான். அப்படியிருந்தும் அவரைக் கைவிட்டுப் பலர் ரீகனை ஆதரித்தார்கள் என்றால், அது சரியோ தவறோ, அவர்களுடைய சொந்த முடிவு. மதம் அரசியலுக்குள் வந்ததே குற்றம் என்றால் மார்ட்டின் லூதர் கிங் 1957இல் போதகர்களைத் திரட்டித் தொடங்கிய அமைப்பை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? கறுப்பின மக்களின் தேவாலயங்கள் இல்லாமல் வாக்குரிமைப் போராட்டம் எங்கே கூடியிருக்கும்?

பெயர் தெரியாத பணமும் ஒரு பக்கத்தின் தனிச்சொத்து அன்று. முற்போக்கு முகாமைச் சேர்ந்த சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் என்ற அமைப்பு 2020ஆம் ஆண்டில் மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அதுவும் கொடுத்தவர் பெயரைச் சொல்லத் தேவையில்லாத அமைப்பே. வழக்குரைஞர் அம்மா இதை விட்டுவிட்டது எனக்கு உறுத்தியது.

உண்மையான மறைவு எது என்று கேட்டால் நான் வேறொன்றைச் சொல்வேன். பேட் ராபர்ட்சன் 1989இல் தொடங்கிய கிறிஸ்டியன் கோயலிஷன் அமைப்பை நடத்திய ரால்ஃப் ரீட், தாம் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இரவில் நடமாடுகிறவர் என்றும், தேர்தல் இரவு வரும்வரை எதிராளிக்கு எதுவும் தெரியாது என்றும் 1991இல் ஒரு பத்திரிகையிடம் பெருமையாகவே சொன்னார். அதற்கு முந்திய ஆண்டு சான் டியாகோ வட்டாரத்தில் பள்ளி வாரியம் போன்ற சிறு பதவிகளுக்கு மதப் பழமைவாதிகள் பலர் போட்டியிட்டார்கள். பொதுக் கூட்டங்களில் தங்கள் நோக்கத்தைச் சொல்லாமல், தேவாலயங்களின் வழியாக மட்டும் ஆதரவு திரட்டினார்கள். வாக்காளரிடமே நோக்கத்தை ஒளித்தார்கள் அல்லவா, அதுதான் என் மனத்தை வருத்துகிறது. கோடீசுவரர் பெயரை மறைத்ததைவிட இது பெரிய குறை என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதைச் செய்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பொய் சொல்லலாகாது என்று போதிக்கும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தார்கள்.

நீதிமன்ற வாசல் (பதில்)

தங்கை சொல்வது சரி, முற்போக்கு முகாமின் பணத்தையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்தது, அதனால்தான் அந்தத் தொகை உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. தேவாலயம் என்று பதிவானால் அந்தக் கணக்கையே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. மத நம்பிக்கை தரும் இந்தத் தனிச் சலுகை மதம் சாராத அமைப்புகளுக்குக் கிடைக்காது.

செம்பனைச்சாலை

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் நன்றி. ஒரு கேள்வி மீதமிருக்கிறது. ஒட்டுக்கடை முதல் அணியினர், இதெல்லாம் எங்கோ படித்ததுதானே, நீ நேரில் கண்டாயா என்று கட்டாயம் கேட்பார்கள். ஈப்போவுக்கு வடக்கே உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் கை எழுத்தை நம்பாமல், நாமே எடுத்துப் பார்க்கக்கூடிய ஆவணம் ஏதாவது இருக்கிறதா?

நீதிமன்ற வாசல் (பதில்)

இருக்கிறது, இணைய இணைப்பு மட்டும் போதும். நான் சொன்ன ஆண்டுக் கணக்கு 990 என்ற எண்ணுள்ள படிவத்தில் வரும். அது பொது ஆவணம், புரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த அமைப்புக்கு மானியம் தரப்பட்டது, தலைமை அதிகாரிக்கு என்ன சம்பளம் என்பவை அதில் இருக்கும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஓர் அமைப்பின் படிவத்தில் வெளியே சென்ற மானியத்தை எடுத்து, அது எந்த அமைப்பின் வரவில் வந்து விழுகிறது என்று கோடு கோடாக இணைத்துப் பார்ப்பதுதான் வழி. பத்திரிகையாளர்கள் செய்வதும் அதையே.

கூட்டத்தில் காட்டுவதற்கு ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் இயங்கும் பழமைவாதக் கொள்கை அமைப்பு அது. ஆண்டுக்கணக்கில் அதன் படிவங்கள் வந்துகொண்டிருந்தன. 2020இல் தன்னைத் தேவாலயங்களின் கூட்டமைப்பாக வகைப்படுத்தும்படி வரித்துறையிடம் கேட்டு அனுமதி பெற்றது. அதன்பின் படிவம் தாக்கல் செய்யும் கடமை நீங்கிவிட்டது. தேடல் பக்கத்தில் ஆண்டுகள் வரிசையாக வந்து ஓரிடத்தில் நிற்பதை முதல் அணியினர் தாங்களே பார்க்கலாம்.

பழைய கிராணி (பதில்)

ரீகனின் 1985ஆம் ஆண்டு உரை முழுவதும் அவருடைய அதிபர் நூலகத்தின் இணையத் தளத்தில் இருக்கிறது. நீளமும் அதிகமில்லை. தங்கை ஆங்கிலத்தில் வாசித்தால் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன். சந்திப்பு தமிழ்ப்பள்ளி மண்டபத்திலா, பழைய இடத்திலா என்பதை மட்டும் தெரிவியுங்கள் தம்பி. பழைய இடம் என்றால் ஒலிபெருக்கி நான் கொண்டுவர வேண்டும்.